வம்சாவளிப் பெரியப்பா

ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான் இருப்பார். இரண்டு பேர் இருந்தால், கொள்ளுத்தாத்தாவுக்கு மூத்த தாரம் எந்த ஊர் என்பதில் தொடங்கி வெட்டுக்குத்து வரைக்கும் போய்விடும்.

எங்கள் பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுவாரம் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினார். அன்று பிடித்தது சனி. கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்கு முந்துவார்கள். அவர் மட்டும் அழைப்பிதழை வைத்துக்கொண்டு, "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியலில் யார் விட்டுப்போனார்கள் என்று விரல் வைத்துப் பார்ப்பார். துக்க வீட்டிலும் இதே கதைதான். மாலையைப் போட்ட கையோடு, "அத்தைக்கு எண்பத்திமூணா, எண்பத்தினாலா?" என்று அழுகிறவர்களை நிறுத்திக் கேட்பார்.

தகவல் சேர்ப்பது லேசான காரியம் இல்லை. "பிறந்த தேதி எதுக்கு? பூர்வீகச் சொத்து ஏதாச்சும் வருதா?" என்பார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கொடுக்கிற தேதியோ, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்ட அன்று ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்தது. அதனால் எங்கள் வம்சத்தில் ஒரு தலைமுறையே மே, ஜூனில் பிறந்திருக்கிறது.

அப்பத்தாவிடம் தாத்தாவின் அண்ணன் பெயரைக் கேட்டார். கட்டினவர் பெயரையே சொல்லாதவள், மச்சினர் பெயரையா சொல்வாள்? "அதான்டா, பழனியில நிக்கிறவரு பேரு" என்றாள். பழனியில் நிற்கிறவருக்கு ஒரு பெயரா? தண்டாயுதபாணி, முருகன், சுப்பிரமணி, வேலாயுதம் என்று நான்கையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அந்தச் சந்தேகம் இன்றைக்கும் தீரவில்லை.

பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினார். வெள்ளைக்காரன் செய்த மென்பொருள் எடுத்ததும் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது? அப்பா பெயரைப் போட்டார். அப்பா, மகன், பேரன் மூவரையும் அது மூன்று குடும்பமாகப் பிரித்துவிட்டது. அடுத்த வில்லங்கம், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் வழக்கம். மு. கந்தசாமி மகன் க. முருகேசன், அவர் மகன் மறுபடியும் மு. கந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறார், சேர்த்துவிடவா?" என்று மென்பொருள் மரியாதையாகத்தான் கேட்டது. பெரியப்பாவும் சரி என்று அழுத்தினார். அன்றிலிருந்து இரண்டு நாள் எங்கள் பூட்டனார் அவருக்கு அவரே பேரன்.

பத்துத் தலைமுறை மேலே போனால், அந்த ஒரு வரிசையில் மட்டும் 1024 முன்னோர் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். வாட்ஸ்அப் குழுவிலும் 1024 பேர்தான் சேர்க்கலாம் என்பதில் அவருக்கு ஏதோ தெய்வ சங்கல்பம் தெரிந்தது. ஆனால் நம் வீடுகளில் அந்தக் கணக்கு நிற்காது. அத்தை மகளை மாமன் மகன் கட்டினால், பிள்ளைக்கு எட்டு இருக்கவேண்டிய கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி ஆறாகிவிடுவார்கள். எங்கள் மரம் கிளை விட்டதைவிட முடிச்சுப் போட்டுக்கொண்டதே அதிகம்.

இத்தனை பாடுபட்டதைப் பத்திரப்படுத்த வேண்டாமா? மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியூரில் என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் விதியைப் பெரியப்பா முப்பது பிரதியாக்கினார். தாம்பூலப் பையில் தேங்காயோடு பென் டிரைவ் போட்டுக் கொடுத்தது எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் 'குடும்ப மரம் ஃபைனல்' வந்தது. பிறகு 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்'. எல்லோரும் கும்பிட்ட கை படம் அனுப்பினார்கள். ஒருத்தரும் திறக்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஜெட்காம் கோப்பாகக் கேட்டான். வம்சாவளி மென்பொருள்களுக்கு இடையே தகவல் போய்வர மார்மன் சபையார் 1984இல் கொண்டுவந்த வடிவம் அது. முன்னோரைத் தேடுவதில் அவர்கள் நம் பெரியப்பாவுக்கே பெரியப்பா. அனுப்பினார். ஆனால் அந்த வழக்கமான வடிவத்தில் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகும், படம் போகாது. பெயர்களையோ யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் அடித்திருந்தார். தம்பியின் திரையில் முகமில்லாத கட்டங்களும், புரியாத ஆங்கில எழுத்துக் குவியலும் வந்து நின்றன. "நம்ம ஆளுங்க எல்லாம் ரஷ்யாவா பெரியப்பா?" என்று கேட்டான். ஒரு வாரம் அவனோடு பேச்சில்லை.

போன ஐப்பசி மழையில் கம்ப்யூட்டர் நனைந்து செத்தது. பென் டிரைவ்களைத் தேடினோம். ஒன்றில் பக்திப் பாட்டு, ஒன்றில் கார்ட்டூன். வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லோரும் இடம் அடைக்கிறது என்று அழித்திருந்தார்கள். கடைசியில் சின்ன அத்தை வீட்டுச் சமையலறையில், அலமாரித் தட்டில் விரித்து மேலே புளி ஜாடி வைத்திருந்த குடும்ப மரத் தாள்தான் கிடைத்தது. எண்ணெய்க் கறையில் மதுரைக் கிளை மட்டும் அழிந்துபோயிருந்தது. பெரியப்பா அதை மடியில் வைத்துத் துடைத்த பதம், பச்சைப் பிள்ளையைத் துடைப்பதுபோல் இருந்தது.

மறுபடி தொடங்கிவிட்டார். உங்கள் போனிலும் இப்படி ஒரு 'ஃபைனல்' கிடக்கும். அழிக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் கட்டாயம் ஒரு எழுத்துப் பிழை இருக்கும்.