ஆசைக்கு வயசில்லை, காலுக்கு உயரமுண்டு

கேள்வி: வயது 48. பனியன் கம்பெனி தொடங்க என் ஆர்.எக்ஸ். 100-ஐ விற்றேன். இப்போது மகன் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறான். எனக்கு மண்பாதையில் ஓட்ட ஆசை. எக்ஸ்பல்ஸ் 200-ஆ, ஹிமாலயன் 450-ஆ? (ஒரு வாசகர், அவிநாசி)

பதில்: சி.சி.யை விடுங்க, கால் தரையைத் தொடுதான்னு பாருங்க. ஹிமாலயன் 450, எக்ஸ்பல்ஸ் 200 4வி இரண்டிலுமே சீட் உயரம் 825 மி.மீ. எக்ஸ்பல்ஸ் ப்ரோ என்றால் 891. ஏறுவதற்கே செக்கிங் டேபிள் வேண்டியிருக்கும்!

அடுத்தது எடை. உங்கள் பழைய ஆர்.எக்ஸ். சுமார் 100 கிலோ. எக்ஸ்பல்ஸ் 4வி 160-ஐ ஒட்டி; ஹிமாலயன் 196. மண்ணில் வண்டி சாயாமல் யாரும் பழகியதில்லை. சாய்ந்ததைத் தூக்கப்போவது நீங்கள்தான், ஹெல்பர் வரமாட்டான். அதனால் என் ஓட்டு எக்ஸ்பல்ஸுக்கு. கோவா வரை நெடுஞ்சாலையில் போகும் எண்ணமிருந்தால் மட்டும் ஹிமாலயன்.

சாம்பிள் பீஸ் ஓகே ஆகாமல் பல்க் கட்டிங் போடுவீர்களா? ட்ரெயிலுக்கு முன் ட்ரயல்! முழங்கால் கார்டும் பூட்ஸும் வண்டியோடு சேர்ந்த செலவு, பேரம் கூடாது.

பழகுவதற்குப் பல்லடம் பக்கத்துத் தோட்டத்து வண்டித்தடம் போதும், தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு. உடுமலை தாண்டி ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்கிவிடாதீர்கள். அங்கே வனத்துறை வழக்குப் போடும், யானை அதற்குக்கூடக் காத்திருக்காது.