நீலிக்கு ஒரு அக்கா

கே: அக்கா தங்கை இருவரும் மந்திரக்காரிகளாக வரும் 'பிராக்டிகல் மேஜிக்' (1998) பார்த்தேன். நம் பக்கம் அப்படி ஒரு ஜோடி உண்டா?
(வாசகி, மட்டாஞ்சேரி)

ப: நம் யட்சி ஒண்டிக்கட்டை அம்மா. ஏழிலைப்பாலை மரத்தடியில் நின்று வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பாள். நம்பிப் போனவனுக்கு விடிந்ததும் பல்லும் நகமும்தான் மிச்சம். நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலிக்கும் கதையில் கூடப்பிறந்தவன் உண்டு, கூடப்பிறந்தவள் இல்லை. மந்திரவாதப் பாதிரியார் கடமற்றத்துக் கத்தனார் அவளை எப்படிப் பிடித்தார்? கேட்ட சுண்ணாம்பை இரும்பாணி நுனியில் வைத்து நீட்டினாராம். "அதை வாங்காதேடி" என்று சொல்ல ஒரு அக்கா இருந்திருந்தால் கதையே வேறு!

கே: நீலியை வைத்து வந்த 'லோகா'?

ப: 1968-ல் வந்த 'யட்சி'யில் சாரதா யட்சியா, மனுஷியா என்று கணவன் சத்யன் சந்தேகப்பட்டே சீரழிவார். 2025-ல் டொமினிக் அருணின் படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் யட்சியேதான், ஊரைக் காக்கிறாள். கொண்டாடிப் பார்த்தேன்.

கே: எங்கள் மட்டாஞ்சேரியில் மந்திரக்காரிகள் படம் எடுக்கலாமா?

ப: தாராளமாக. உங்கள் ஊரில் ஆண் ஆவிகள்தான் இடம் பிடித்திருக்கின்றன. 1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, போர்த்துக்கீசியர் புதையலைப் புதைத்து, காவலுக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று கூடவே புதைத்தார்கள் என்பது செவிவழிக் கதை. அப்படிக் காவல் ஆவியான காப்பிரி முத்தப்பனுக்கு மங்காட்டுமுக்கில் இன்றும் மெழுகுவத்தி ஏற்றி, சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். அடிமையாகச் செத்தவனைத் தெய்வமாக்கி, அவன் கையில் ஒரு சுருட்டையும் கொடுத்த ஊர் அது. எனக்கு அந்த மனசு பிடிக்கும். 'எஸ்ரா' (2017) படத்தில் வரும் யூத ஆவியும் ஆண்தான். இரண்டு சகோதரிகளுக்கு யூதத் தெருவில் ஒரு மாடி வீடு பாருங்கள், கீழே இஞ்சியும் மிளகும் மணக்கட்டும்.

கே: அந்த ஆங்கிலப் படத்தில் உங்களுக்குப் பிடித்த காட்சி?

ப: தங்கையைப் பிடித்த ஆவியை விரட்ட, அதுவரை ஒதுக்கி வைத்த ஊர்ப் பெண்களே துடைப்பத்தோடு வந்து வட்டமாக நிற்பார்களே, அது. இன்றைய ஜார்க்கண்டில் சுட்னி மகதோவை 1995-ல் சூனியக்காரி என்று சொல்லி அடித்து விரட்டியபோது அப்படி நிற்க ஆளில்லை. பிறகு, அதே பழி விழுந்த பெண்களுக்காக அவரே போய் நின்றார். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைப் பற்றி எந்தப் படம் வந்தாலும் முதல் டிக்கெட் எனக்கு.