தும்மியவரின் கடப்பாடுகள்: துருக்கிய உபசார மொழி குறித்து

துருக்கியில் ஒருவர் எச்செயலையும் வாழ்த்துப் பெறாமல் செய்து முடிப்பது ஏறத்தாழ இயலாது என்பதே இவ்வாய்வின் துணிபு. குளித்தல், தும்முதல், புதுச் சட்டை அணிதல், உழைத்தல், உழைப்பதுபோல் அமர்ந்திருத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய தொடர் அம்மொழியில் ஆயத்தமாக இருப்பதால், சொல்லைத் தேடும் தொல்லை பேசுவோர்க்கு இல்லை. வேளையறிந்து சொல்லத் தவறும் குற்றம் மட்டுமே எஞ்சுகிறது.

இவற்றுள் தும்மலே சிக்கல் மிக்கது. தும்மியவரை நோக்கி அருகிலிருப்பவர் ‘சோக் யஷா’, அதாவது நீடு வாழ்க, என்பார். தும்மியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பினும் ‘சென் தெ கோர்’, நீயும் காண்பாயாக, என விடையிறுக்கக் கடமைப்பட்டவர். தம் நெடுவாழ்வைக் காண வாழ்த்தியவரும் உயிரோடிருந்தாக வேண்டும் என்பதால், ஒரு தும்மலில் இருவர் ஆயுள் நீள்கிறது. மருத்துவத் துறை இவ்வளவு மலிவாக இதைச் சாதித்ததில்லை. அடுக்குத் தும்மல்காரருக்குத் தும்மல்தோறும் ஆயுள் கூடுமா, மொத்தத்துக்கு ஒன்றுதானா என்பதை வகுத்துரைப்பார் இல்லை.

குளித்து வந்தவருக்கும் முடிவெட்டிக்கொண்டவருக்கும் ‘சிஹ்ஹத்லெர் ஒல்சுன்’, நலங்கள் உண்டாகட்டும், என்பது முறை. அரபியிலிருந்து வந்த ‘சிஹ்ஹத்’ நாவுக்கு எளிதில் வசப்படாமையால் பலர் அதை ‘சாஅத்லெர் ஒல்சுன்’ ஆக்கிவிட்டனர். சாஅத் என்பது மணிநேரம். ஆகவே, பிடரியில் ஒட்டிய மயிர்த்துணுக்குகளைத் தட்டிக்கொண்டு நாற்காலியைவிட்டு எழுபவர், மணிநேரங்கள் உண்டாகட்டும் என வாழ்த்தப்பெற்று, சற்றும் திகையாமல் நன்றி கூறிப் போகிறார்.

வேலையிலிருப்போருக்குரிய ‘கொலாய் கெல்சின்’, எளிதாய் முடியட்டும், என்னும் வாழ்த்து மூட்டை சுமப்பவருக்கு மட்டுமன்றி, இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் தேநீர் அருந்தியபடி வாயிலில் அமர்ந்திருக்கும் காவலாளிக்கும் கிடைக்கிறது. அவரும் அதை உரிமையோடு ஏற்றுக்கொள்கிறார்.

விளிச்சொற்களைப் பொறுத்தவரை அரசே ஒருமுறை தலையிட்டிருக்கிறது. எஃபெந்தி, பெய், பாஷா முதலிய பட்டங்களை 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒழித்தது. பெயருக்குப் பின் வரும் ‘பெய்’யும் ‘ஹானிம்’மும் சட்டத்தைப் பொருட்படுத்தாமல் இன்றும் வழங்குகின்றன. ஓட்டுநரை அண்ணன் எனப் பொருள்படும் ‘ஆபி’யாக்குவதில் புதுமையில்லை, பெற்றோர் குழந்தையை விளிக்கும் முறையே ஆராயத்தக்கது. அழைக்கப்படுபவரின் உறவைச் சுட்டாது அழைப்பவர் தம் உறவையே சுட்டுவதால், மகனாயினும் மகளாயினும் தாய்க்கு அது ‘அன்னெஜிம்’, என் அம்மாக்குட்டி, தந்தைக்கோ ‘பபாஜிம்’. இவ்வாறு மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தாய் கூப்பிட்டால் அம்மாவாகவும், தந்தை கூப்பிட்டால் அப்பாவாகவும், அத்தை கூப்பிட்டால் அத்தையாகவும் விளங்கி, ஒவ்வோர் அழைப்புக்கும் பிழையின்றித் திரும்பிப் பார்க்கிறான். குழம்புவோர் மொழி பயிலவந்த அயலாரே.