சுவிட்சின் சார்பில் ஒரு விண்ணப்பம்

தானியங்கி விளக்கு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள் திவ்ய சமூகத்திற்கு,

அநேக நமஸ்காரம். சென்ற தை மாதம் தங்கள் கம்பெனியின் ஆறு ஸ்மார்ட் பல்புகளையும், ஆள் நடமாட்டத்தை அறியும் சென்சார் ஒன்றையும் வாங்கி, என் இல்லத்தை நவீன யுகத்தில் பிரவேசிக்கச் செய்த அடியேன், அன்று முதல் அடைந்துவரும் ஞானத்தை நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்க வேண்டும் என்பது என் தகப்பனார் எனக்கும், நான் என் மக்களுக்கும் காதைத் திருகிக் கற்பித்த குலதர்மம். தங்கள் பல்போ, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்த மாத்திரத்தில் மின்சாரத்தோடு புத்தியையும் இழந்துவிடுவதால், கைபேசிச் செயலியில் எத்தனை முறை அழைத்தாலும் 'சாதனம் இணைப்பில் இல்லை' என்ற வாசகமே தரிசனமாகிறது. ஆகவே வீட்டுச் சுவிட்சுகளின் மேலெல்லாம் பிளாஸ்திரி ஒட்டி, 'தொடாதே' என்று எழுதிவைத்திருக்கிறோம். சிக்கனத்தைக் குற்றமாக்கிய பெருமை தங்களையே சாரும்.

என் தாயார் ஒருநாள் பொறுமையிழந்து, அந்தப் பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்து, சுவிட்சை ஐந்து முறை தொடர்ந்து தட்டினார். அதையே சந்நியாச தீட்சையாகக் கொண்ட பல்பு, வை-ஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எஜமானனையும் ஒருங்கே மறந்து, கண் சிமிட்டத் தொடங்கிற்று. அதைத் திரும்பவும் குடும்பத்தில் சேர்க்க முயன்று தோற்று, தங்கள் சேவை மையத்தை அழைத்து, நாற்பது நிமிஷம் சங்கீதம் கேட்ட பிறகே, பல்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பாஷை மட்டுமே தெரியும் என்பதும், என் ரௌட்டர் அதனோடு 5 கிகாஹெர்ட்ஸையும் ஒரே பெயரில் ஒலிபரப்பி அதைக் குழப்புகிறது என்பதும் எனக்கு உபதேசிக்கப்பட்டன.

சென்சாரின் தத்துவம் இன்னும் கம்பீரமானது. உடலின் உஷ்ணம் இடம்பெயர்ந்தால்தான் அது ஆளை அறியுமாம். அசையாதவர், அதன் சித்தாந்தத்தில், இல்லாதவர். பூஜையறையில் கண்மூடி ஜபம் செய்யும் தாயாரை இரண்டு நிமிஷத்துக்கொருமுறை இருளில் ஆழ்த்தி, அவர் ஜபமாலையை ஓங்கி வீசிய பிறகே விளக்கைத் தருகிறது. தியானம் கூடாத எனக்கோ, கொசு கடிக்கும் இரவுகளில் இடையறாத பிரகாசம்.

சென்ற வாரம் இரவு இரண்டு மணிக்கு மின்தடை நீங்கியபோது, ஆறு பல்புகளும் உச்சகட்ட வெண்ணொளியில் விழித்து எங்களையும் விழிக்கவைத்தன. மின்சாரம் திரும்பினால் முந்தைய நிலையிலேயே இருக்கும்படி செய்யும் வசதி செயலியின் உள்ளறைகளில் ஒளிந்திருப்பதை மறுநாள் கண்டேன். அதைப் பிறவிக்குணமாகவே தந்திருந்தால் பேரன் பள்ளிக்கூடத்தில் தூங்கியிருக்க மாட்டான்.

இணையம் இல்லாத வேளையில் செயலியும் கைவிரித்துவிடுவதால், தலைக்கு நான்கடி மேலே தொங்கும் விளக்கை ஏற்ற எங்கோ இருக்கும் சர்வரின் அனுமதி தேவைப்படுவதையும் அறிந்துகொண்டேன். வீட்டின் எஜமானன் யார் என்ற சந்தேகம் இதனால் தீர்ந்தது.

ஆகவே, அடுத்த பல்பைச் சிருஷ்டிக்கும்போது, சுவிட்சைத் தட்டினால் எரிய வேண்டும், மறுபடி தட்டினால் அணைய வேண்டும், எத்தனை முறை தட்டினாலும் தன் வீட்டை மறக்கக் கூடாது என்ற மூன்று வரங்களை மட்டும் அருளுமாறு பிரார்த்திக்கிறேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 1 கோடியே 60 லட்சம் வண்ணங்களைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
தங்கள் விசுவாசமுள்ள வாடிக்கையாளன்