உங்கள் பென்ஷனை யாரையாவது திரும்பிப் பார்க்க வைப்பது எப்படி?

முதல் வேலை, உங்கள் ஆலோசகர் யார் என்று கண்டுபிடிப்பது. ஓமலூரில் இது லேசான காரியமில்லை. உங்களுக்குப் பென்ஷன் திட்டம் போட்டுக்கொடுத்தவர் அநேகமாக உங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியாக இருப்பார். இல்லையென்றால், நகைக்கடன் வைக்கப் போன இடத்தில் “அப்படியே இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்கண்ணா” என்று தாளை நீட்டிய வங்கிப் பையன். பையன் தர்மபுரிக்கு மாற்றலாகிப் போயிருப்பான். மாமாவோ காமலாபுரம் விமான நிலையத்தைக் கைகாட்டி மனை விற்றுக்கொண்டிருப்பார். கைபேசியில் அவர் பெயரை ‘எல்ஐசி மாமா’ என்று பதிந்து வைத்திருந்தால் தேடுவது சுலபம். எடுப்பாரா என்பது வேறு கேள்வி.

அடுத்து, போட்டிருப்பது என்ன திட்டம் என்று பாருங்கள். அலமாரியில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதில் 12 இலக்க பிரான் எண் இருந்தால் தேசிய ஓய்வூதியத் திட்டம் அல்லது அடல் பென்ஷன். முன்னது 2009 மே மாதத்திலிருந்து தறிக்காரர், கடைக்காரர் என்று எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பின்னது 2015இல் வந்தது. பத்திரம் மாதிரி கெட்டித்தாளாக இருந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் பென்ஷன் பாலிசி. எதுவுமே இல்லாமல் லைன் வீட்டு வாடகை நோட்டு மட்டும் கிடைத்தால் உங்களுக்கு இந்தக் கையேடு தேவையில்லை. அந்தப் பென்ஷன் மாதாமாதம் தன்னைத்தானே மறுஆய்வு செய்துகொள்ளும்: குழாய் ஒழுகும், குடியிருப்பவர் வந்து சொல்வார்.

இப்போதும் உங்களுக்கு வருடாந்திர மறுஆய்வு கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஜனவரியில் தினசரி காலண்டர் வருகிறதே, அதுதான். பாதிப்பேர் இதிலேயே திருப்தியடைந்துவிடுகிறார்கள். மீதிப்பேர் கல்யாண மண்டபத்தில் மறுஆய்வு செய்துகொள்கிறார்கள். பந்தியில் பக்கத்து இலையில் மாமா. “மாமா, என் பென்ஷன் எப்படி இருக்குதுங்க?” “அதுக்கென்ன மாப்ள, சூப்பரா ஓடுது. ரசம் வாங்கிக்க.” இத்துடன் அந்த ஆண்டுக்கான அறிக்கை முடிந்தது. ரசத்துக்கும் மோருக்கும் நடுவே இன்னொரு கேள்வி கேட்டீர்களோ, புதிதாக ஒரு திட்டம் வந்திருப்பதாகச் சொல்வார்.

மாமா கெட்டவரில்லை. அவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். முதல் வருடப் பிரீமியத்தில் கமிஷன் கனமாக வரும், அடுத்தடுத்த வருடங்களில் மெலியும். மறுஆய்வுக்கென்று தனியாக ஒரு பைசாகூடக் கிடையாது. அவர் உங்களைப் பார்க்க வருகிறார் என்றால் புதுப் படிவம் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

மியூச்சுவல் ஃபண்டில் ஓய்வுக்காகச் சேமிப்பவர்களின் கதை வேறு. அங்கே விநியோகஸ்தருக்கு முதலிலேயே மொத்தமாகக் கமிஷன் கொடுப்பதை 2018 அக்டோபரில் செபி நிறுத்திவிட்டது. பணம் உள்ளே இருக்கும்வரை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். விநியோகஸ்தர் இல்லாமல் நேராக வாங்கும் ‘டைரக்ட்’ திட்டத்துக்கும் அவர் வழியாக வாங்கும் ‘ரெகுலர்’ திட்டத்துக்கும் செலவில் முக்கால் சதவீதம் வித்தியாசம் என்று வையுங்கள். பத்து லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 7,500 ரூபாய். “யோசனை சொல்றதுக்கெல்லாமா காசு குடுப்பாங்க?” என்று கேட்கிற அதே அண்ணன்தான், தனக்குத் தெரியாமலே அந்த 7,500ஐக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ரசீது வராததால் வலிக்கவில்லை.

பிரிட்டனில் ரசீது உண்டு. அங்கே ஆலோசகர்கள் புது முதலீட்டுக்குக் கமிஷன் வாங்குவதை 2012 இறுதியோடு தடை செய்துவிட்டார்கள். அதற்குப் பதில், ‘உங்கள் பென்ஷனை வருடந்தோறும் மறுஆய்வு செய்வேன், இவ்வளவு கட்டணம்’ என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். எழுதினால் வம்புதான். செயின்ட் ஜேம்ஸஸ் பிளேஸ் என்ற பெரிய நிறுவனம், ஆண்டுதோறும் ஆலோசனை கொடுத்ததற்குத் தன்னிடம் அத்தாட்சி இல்லாத வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கென்று 2024 பிப்ரவரியில் 42.6 கோடி பவுண்டை ஒதுக்கி வைத்தது. காலண்டர் கொடுத்ததை அத்தாட்சியாகக் காட்டும் யுக்தி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் மறு வருடமே அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பு கணக்கெடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சுமார் 15 சதவீத மறுஆய்வுகள் நடக்காமல் போனதற்குக் காரணம், ஆலோசகர் கூப்பிட்டும் வாடிக்கையாளர் வேண்டாம் என்றதோ பதிலே சொல்லாததோதான். காசு கட்டியும் போகாதவர்கள்! நம் ஊரில் இலவசக் கண் மருத்துவ முகாமுக்கே ஆட்டோ வைத்து அழைக்க வேண்டியிருக்கிறது, லண்டன்காரரை மட்டும் ஏன் குறை சொல்வது?

சரி, மாமாவை உட்காரவைத்துவிட்டீர்கள். தட்டுவடை செட் வாங்கி வையுங்கள். வாயில் தட்டுவடை இருக்கும்போது புதுத் திட்டத்தைப் பற்றிப் பேசுவது கடினம். அந்த இடைவெளியில் கேள்விகளை முடித்துவிட வேண்டும்.

“இதுல நாமினி யாருங்க மாமா?” என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலும் மறைந்துவிட்ட அப்பாவின் பெயர் இருக்கும். பி.எஃப்பில் கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினி கல்யாணம் ஆனதோடு செல்லாது என்பதையும் இந்தச் சாக்கில் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். மறுஆய்வு முழுவதிலும் வீட்டுக்காரம்மா அக்கறையோடு கேட்கப்போகும் பகுதி இது ஒன்றுதான்.

அடுத்து, பணம் எதில் இருக்கிறது என்று கேளுங்கள். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டவர்களுக்கென்று ஒரு நடுத்தர வழி உண்டு. 35 வயதுவரை பாதிப் பணம் பங்குச்சந்தையில் இருக்கும். அப்புறம் ஆண்டுக்கு இரண்டு சதவீதமாக இறங்கி 55 வயதில் பத்து சதவீதத்தில் நிற்கும். மாமா வராவிட்டாலும் இது தானாக நடந்துவிடும். அவர் மறுஆய்வை மறந்ததற்கு நீங்கள் கோபித்துக்கொள்ள முடியாத ஒரே இடம் இது.

பிறகு வரி. கூடுதலாக 50,000 ரூபாய்க்குக் கழிவு உண்டு என்று சொல்லித்தான் ஒரு மார்ச் மாதக் கடைசியில் உங்களை இதில் சேர்த்திருப்பார். இப்போது நீங்கள் புதிய வரி முறைக்கு மாறியிருந்தால், நீங்களே கட்டுகிற பணத்துக்கு அந்தக் கழிவு கிடையாது. இதைச் சொன்னதும் மாமா தண்ணீர் கேட்பார். கொடுங்கள்.

கடைசிக் கேள்விதான் கறாரானது. “அன்னைக்கு வர்ற பணத்துக்கு அன்னைக்கு என்னங்க வாங்க முடியும்?” 2015இல் 18 வயதில் மாதம் 210 ரூபாய் கட்டி அடல் பென்ஷனில் சேர்ந்த பையனுக்கு 2057இல் மாதம் 5,000 ரூபாய் கிடைக்கும். விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் அது அவன் சேர்ந்த வருடத்து 430 ரூபாய் சொச்சத்துக்குச் சமம். மாதம் 430 ரூபாயில் ஓய்வாக இருப்பது எப்படி என்பதற்கு வேறு கையேடுதான் எழுத வேண்டும். அவனைத் திட்டத்தை விட்டு ஓடச் சொல்லவில்லை, அரசு உத்தரவாதம் உள்ள திட்டம். அது மட்டும் போதும் என்று அவனிடம் சொன்னவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மாமாவோடு உறவு கெடும் என்று பயந்தால் அசலான ஆலோசகர் ஒருவரை அமர்த்தலாம். செபியில் பதிவு பெற்று, கட்டணம் மட்டும் வாங்கி, கமிஷனைத் தொடாதவர். அவர் பதிவு எண் ‘ஐஎன்ஏ’ என்று ஆரம்பிக்கும். ‘ஏஆர்என்’ என்று இருந்தால் அவர் விநியோகஸ்தர், அதாவது கோட் போட்ட மாமா. முதல் வகையினர் இந்தியா முழுவதற்கும் சுமார் ஆயிரம் பேர்தான். சேலத்து டவுன் பஸ்ஸில் அப்படி ஒருவரை எதேச்சையாகச் சந்திப்போம் என்று நம்பி இருக்க வேண்டாம். ஃபோனிலேயே பேசிக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் செய்வது என்பது முக்கியம். மார்ச் கூடவே கூடாது. மாமா அப்போது தாளும் பேனாவுமாகத் திரிவார். தையில் கல்யாணங்கள். ஆடிதான் சரியான மாதம். ஆடியில் இந்தப் பக்கம் யாரும் புதிதாக ஒன்றைத் தொடங்க மாட்டார்கள். மனை பதிய மாட்டார்கள், பாலிசியிலும் கையெழுத்துப் போட மாட்டார்கள். மாமாவுக்கு விற்க எதுவும் இருக்காது, பொழுதும் போகாது. கோட்டை மாரியம்மன் பண்டிகை நாள்களை மட்டும் விட்டுவிட்டு ஒரு மத்தியான வேளையில் கூப்பிடுங்கள். நாமினி மாற்றும் படிவத்தை அவரே கொண்டுவருவார், பிரான் கணக்கைத் திறந்து காட்டுவார், கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்வார். அவ்வளவு நல்ல மனிதர் என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஆவணி முதல் தேதி மட்டும் ஊரில் இருக்காதீர்கள்.