ஓய்வூதியமும் சம்பளமும்

கே: ஓய்வுபெற்ற ஆசிரியர்களை மறுபடி பள்ளிக்கு அழைத்து, ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்குச் சம்பளமும் தருவது நியாயமா?
– தகுதித் தேர்வில் தேறிக் காத்திருக்கும் வாசகி, தஞ்சாவூர்

ப: ஓய்வூதியம் இனாம் அல்ல, என்றோ உழைத்த உழைப்புக்கான கூலி. 1982-லேயே நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆகவே அந்தப் பணத்தின்மேல் கண் வைக்க வேண்டாம். அந்த நாற்காலி யாருக்கு என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் கல்வியாண்டின் நடுவே ஓய்வு வயதை எட்டும் ஆசிரியருக்கு, ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தருவது வழக்கம். நல்ல ஏற்பாடு. 60 வயது ஆவது ஆசிரியருக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எதற்குப் பாதியில் கணக்கைத் தொலைக்க வேண்டும்?

கலிஃபோர்னியாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் அரசுப் பள்ளிக்குத் திரும்பப் பொதுவாக 180 நாள் இடைவெளி வேண்டும். அங்கே அவர் ஆண்டுக்குச் சம்பாதிப்பதற்கும் உச்சவரம்பு உண்டு. மீறிய தொகை ஓய்வூதியத்தில் கழியும். அனுபவத்துக்குக் கதவும் உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு.

நமக்கும் அந்தத் தாழ்ப்பாள் தேவை. விடுப்பில் போனவருக்குப் பதிலாகவோ, புதியவருக்கு வழிகாட்டவோ மூத்தவர் வரட்டும். நிரந்தரக் காலியிடத்தை ஆண்டுக்கணக்கில் அவரைக் கொண்டு நிரப்பினால், அது சிக்கனம் அல்ல, நியமனத்தைத் தள்ளிப்போடும் தந்திரம். ஜூனில் பள்ளி திறக்கும்போது வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அதை உரக்கக் கேளுங்கள். உங்கள் ஆசிரியர்களும் உடன் நின்று கேட்பார்கள்.