ஏழாம் நாள் ஷிப்ட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அண்ணாச்சிக்கு வாரத்தில் ஆறு நாள்தான் வேலை. ஆளைக் கொல்வது ஏழாவது நாள்.

நாசரேத்துப் பக்கம் பிறந்து, பிழைப்புக்கு வடக்கே வந்து, திருமுல்லைவாயலில் வீடு கட்டிக் குடியேறியவர். சபைச் செயலாளர். திங்கள் முதல் சனி வரை காலை ஐந்தரைக்கு அலாரம் வைக்கிறவர், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நாலு மணிக்கு வைக்கிறார். முதல் ஆராதனைக்கு முன்னால் கதவு திறக்க வேண்டும், மைக் செட்டின் கொரகொரப்பைச் சரிசெய்ய வேண்டும், வராத உக்கிராணக்காரருக்குப் பதிலாகக் காணிக்கைப் பையும் பிடிக்க வேண்டும். இரண்டாம் ஆராதனைக்குள் ஓய்வுநாள் பாடசாலை. அறுபது பிள்ளைகள் இருக்கும் அந்த இடத்தில் ஓய்வு என்ற சொல் பெயர்ப்பலகையில் மட்டும் உண்டு. பிறகு காணிக்கை எண்ணும் படலம். ஆவடி எச்.வி.எஃப்.பில் காலமெல்லாம் டாங்கிக்கு நட்டு முடுக்கி ரிட்டயர் ஆன பெரியவர்தான் பொருளாளர். பத்து ரூபாய்க் காசை ஒரு முறை எண்ணினால் அவருக்குத் திருப்தி வராது. பாதுகாப்புத் துறைப் பழக்கம்.

அதற்கப்புறம் “பத்தே நிமிஷம்” கமிட்டி. மதியம் இரண்டரைக்கு ஆறிப்போன மட்டன் குழம்பு. மூன்றரைக்குக் கட்டிலில் சாய்ந்து கண் அசரும்போது போன் வரும்.

“அண்ணாச்சி, தூங்கிட்டியளோ?”

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொன்ன கிறிஸ்தவர் இந்த ரயில் பாதையில் பட்டரவாக்கம் முதல் பட்டாபிராம் வரை ஒருவர்கூட இல்லை. “இல்ல, சொல்லுங்க” என்பார் அண்ணாச்சி, தலையணையிலிருந்து. ஐந்து மணிக்கு வாலிபர் ஐக்கியம், ஏழு மணிக்கு அன்னனூரில் வீட்டு ஜெபம். இது வெறும் ஞாயிறு. புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் பயிற்சி, மாதப் பிறப்பில் வாக்குத்தத்த ஆராதனை, இடையில் ஒரு முழு இரவு ஜெபம் என்று பட்டியல் தனி. அம்பத்தூரில் ஓ.டி. என்றால் பஸ் ஸ்டாண்டு, எஸ்டேட்டில் ஓ.டி. என்றால் இரட்டைச் சம்பளம். சபையிலும் ஓ.டி. உண்டு. சம்பளம் பரலோகத்தில்.

இந்த ஞாயிறு விடுமுறை சும்மா வந்ததல்ல. பம்பாய் மில்களில் ஆட்கள் வாரம் முழுக்க விளக்கு வைக்கும்வரை உழைத்த காலத்தில், வாரத்துக்கு ஒரு நாளாவது விடுங்கள் என்று 1880களில் கேட்க ஆரம்பித்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1890ஆம் ஆண்டு மில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். லோகண்டே கிறிஸ்தவர் அல்ல. ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் சமாஜத்துக்காரர். அவர் போராடி வாங்கிக்கொடுத்த நாளை ஞானஸ்நானம் பெற்றவர்கள் எடுத்து, அதில் நாலு கூட்டம் போட்டு நிரப்பிவிட்டார்கள்.

2025 வரை நடப்பிலிருந்த, சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் இன்னும் கறாராக இருந்தது. அதன் 52ஆவது பிரிவின்படி வாரத்தின் முதல் நாளான ஞாயிறன்று தொழிலாளியை வேலை வாங்கக் கூடாது என்றிருந்தது. தவிர்க்க முடியாமல் வாங்கினால், அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை தர வேண்டியிருந்தது. எப்படிச் சுற்றிப் போட்டாலும் முழுநாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்க வழியில்லாமல் இருந்தது. அண்ணாச்சி விஷயத்தில் இந்தப் பத்து நாள் எந்த வருஷம் தாண்டியது என்று அவருக்கே நினைவில்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறியது. எழுந்த எதிர்ப்பில், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவிக்க வேண்டியதாயிற்று. சபையின் டிசம்பர் மாதக் கேரல் ரவுண்ட்ஸோ சாயங்காலம் ஆரம்பித்து விடியற்காலை முடிகிறது. அதை எதிர்த்து இன்றுவரை ஒரு கொடிகூட ஏறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பத்துக் கட்டளைகளில் மற்ற எதை மீறினாலும் சபை ஒழுங்கு நடவடிக்கை வரும். ஓய்வுநாளை ஆசரிப்பது என்ற கட்டளையை (சி.எஸ்.ஐ. கணக்கில் நான்காவது, கத்தோலிக்கர் கணக்கில் மூன்றாவது) வருஷம் முழுக்க மீறுகிறவருக்கு மட்டும் ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்துகிறார்கள். “அண்ணாச்சிக்கு ஓய்வே கிடையாது” என்று சபைப் போதகரான ஐயர் மைக்கில் சொல்லும்போது கைத்தட்டல் வேறு. ஒருவர் பொய்யே பேசி வாழ்ந்தார் என்று இப்படிப் பாராட்டிப் பார்த்ததுண்டா?

வேதாகமம் தூக்கத்தின் பக்கம் தாராளமாகவே நிற்கிறது. எலியா தீர்க்கதரிசி மனம் உடைந்து, போதும் ஆண்டவரே என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டபோது, வந்த தேவதூதன் அவருக்குப் பொறுப்பு எதையும் கொடுக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்தார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. நம் சபையாக இருந்தால் முதல் அடை முடியும் முன்பே அவரை அசன விருந்துக் கமிட்டியில் போட்டிருப்பார்கள். இயேசுவே புயலுக்கு நடுவில் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கியிருக்கிறார். தலையணை என்று மாற்கு பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் ஐத்திகு என்ற வாலிபன் வருகிறான். பவுலின் பிரசங்கம் நள்ளிரவைத் தொட்டபோது ஜன்னலில் இருந்தபடியே தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். செத்தவன் பிழைத்தான். பவுல் திரும்ப மேலே ஏறி, விடியும்வரை பேசினார். நம் பிரசங்கியார்களுக்கு இந்தக் கதையில் மனதில் நின்றது கடைசி வரி மட்டும்தான்.

சுவிசேஷம் கொண்டு வந்தவர்கள் விவரமானவர்கள். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனில் காய்ச்சலிலும் காலராவிலும் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். ஊழியர் செத்தால் ஊழியம் ஏது என்று கணக்குப் போட்டு, 1845இல் மலையேறி இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். தேனிலவுக்கு இன்று போகிற கொடைக்கானல் அப்படித்தான் ஊரானது: களைத்த மிஷனரிகள் மூச்சு வாங்க. அவ்வளவு தூரம் எதற்கு, பூந்தமல்லியிலேயே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நோய் தெளிந்து உடம்பு தேறும்வரை தங்கும் இடம் ஒன்றை ராணுவம் நடத்தியது. இன்று பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே நிற்கிறவரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

அண்ணாச்சியின் மனைவி, அதாவது அக்காவின் கதை வேறு. அவர் பெண்கள் ஐக்கிய சங்கப் பொருளாளர், அதாவது சமையற்கட்டு. அறுப்பின் பண்டிகை வந்தால் முதல் நாள் ராத்திரியே இருபது கிலோ வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஏலம். யாரோ காணிக்கையாகக் கொண்டுவந்த ஒரு முருங்கைக்காய், “ஆயிரம் ஒரு தரம்” வரை ஏறும். அந்தக் குரல் அக்காவுக்குச் சமையற்கட்டு ஜன்னல் வழியாகத்தான் கேட்கும். ஒரு வருஷம் பிரசங்கம் மார்த்தாள், மரியாள் பற்றி. பற்பல வேலையில் அலைந்து தவிக்காதே, மரியாளைப் போல அமர்ந்து கேள் என்று ஐயர் உருகிப் பேசினார். முடித்த கையோடு அறிவிப்பு: “பரிமாற ஆள் குறைகிறது, சகோதரிகள் உடனே பின்கட்டுக்கு வரவும்.”

அக்கா கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு முதல் ஆராதனைக்குப் போனார், திருவிருந்து எடுத்தார், வீட்டுக்கு வந்தார். மத்தியானம் சாப்பிட்டு, போனை அணைத்து, மின்விசிறியை ஐந்தில் வைத்துப் படுத்தார். மூன்று வாரம் இப்படியே. சபையின் சமையல் ஆவடி கேட்டரிங்காரர் கைக்குப் போனது. பிரிஞ்சியில் உப்பு சரியாக இருந்தது என்று ஊர் பேசிக்கொண்டதில் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான்காம் வாரம் மாலை நாலு மணிக்குக் காலிங் பெல். சந்திப்புக் குழு, எட்டுப் பேர், கையில் ரொட்டியும் ஹார்லிக்ஸும். கூட்டத்துக்கு வராதவர் என்றால் நோயாளி, இல்லையென்றால் பின்மாற்றக்காரர். தூங்குகிறவர் என்ற மூன்றாவது வகை சபைப் பதிவேட்டில் இல்லை.

“உடம்புக்கு என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. தூங்கிட்டு இருந்தேன்.”

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கண்களை மூடி முக்கால் மணி நேரம் அவருக்காக ஜெபித்தார்கள். எட்டு டம்ளர் டீயை அண்ணாச்சிதான் போட்டார்.

போகும்போது ஐயரம்மா மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினார். விடிவதற்கு முன்பே ஆள் வந்து கதவு தட்டும் வீடு அவருடையது. தெருவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “போனை அணைச்சா வீட்டுக்கே வந்துடறாங்களே, அதுக்கு என்ன பண்றீங்க?”